துணிக்கூரை காரை நம் ஊர் மழையில் எப்படிக் காப்பது?

பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். செகண்ட் ஹேண்டில் ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியிருக்கிறார், மடக்கித் திறக்கும் கறுப்புத் துணிக்கூரை. அபார்ட்மெண்டில் திறந்தவெளி பார்க்கிங், பக்கத்திலேயே பெரிய தூங்குமூஞ்சி மரம். தையல் ஓரமாகப் பச்சை படர்ந்திருக்கிறது, மழைத் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணிக்குள் இறங்குகிறது, காலையில் கதவைத் திறந்தால் ஈர வாடை. கார் வாஷ் கடையில் ஏதோ நானோ கோட்டிங் அடிக்கச் சொல்கிறார்கள், வீட்டில் அம்மா தார்ப்பாய் போட்டு மூடச் சொல்கிறார். எந்த ஸ்ப்ரே வாங்குவது, மூடலாமா, இல்லை கூரையையே மாற்ற வேண்டுமா என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கூரை கெட்டுப்போகவில்லை, அழுக்கேறியிருக்கிறது. மாற்ற வேண்டாம். ஸ்ப்ரேயும் இந்த வாரம் வாங்க வேண்டாம். நான் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் குஷன் கடையில் வேலை செய்கிறவன். சீட், கதவுத் தோல், சாஃப்ட் டாப் என்கிற துணிக்கூரை எல்லாம் கழற்றித் தைத்து மாட்டுவதுதான் தொழில். கழற்றிப் போட்ட பழைய கூரைகளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். நடுத்துணி உறுதியாகவே இருக்கும், தையலும் மடிப்பும் கண்ணாடி ஓரமும்தான் போயிருக்கும். அதாவது ஈரம் தங்குகிற இடங்கள். ஐரோப்பாக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் உறைபனி, சாலையில் போடும் உப்பு, குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பது என்றெல்லாம் வரும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே கூரை நனைவது அன்றாட விஷயம், அதைத் தடுக்க முடியாது. நனைந்த கூரை எத்தனை சீக்கிரம் காய்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை, கீழே சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

கூரை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். நல்ல துணிக்கூரை மூன்று அடுக்கு. வெளியே அக்ரிலிக் நூலில் நெய்த துணி, நடுவில் பியூட்டைல் ரப்பர் படலம், உள்ளே பாலியஸ்டரோ பருத்தி கலந்ததோ ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஒட்டி ஒரே தகடாக்கியிருப்பார்கள். அமெரிக்காவின் ஹார்ட்ஸ் கம்பெனி செய்யும் ஸ்டேஃபாஸ்ட், ட்வில்ஃபாஸ்ட், ஐரோப்பியக் கார்களில் பார்க்கும் சோனன்லாண்ட் எல்லாம் இந்த வகைதான். மழையை உள்ளே விடாமல் நிறுத்துவது நடுவில் இருக்கும் அந்த ரப்பர். வெளித்துணியின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்பது தனி விஷயம், அது துணி நூலில் ஏற்றியிருக்கும் ஒரு மெல்லிய ரசாயனப் பூச்சின் வேலை. அந்தப் பூச்சு தேய்ந்தாலும் கார் ஒழுகாது. அதனால்தான் பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சாயங்காலம் மழை பெய்து, ராத்திரி முழுக்கக் காற்றில் ஈரப்பதம் குறையாமல் இருந்தால் மறுநாள் பத்து மணி வெயில் வரும் வரை அது காயாது. தூசியும் இலைத்துகளும் அதில் சேர்ந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? உங்கள் தையலில் இருக்கும் பச்சை அதுதான்.

பினாங்கில் இன்னொன்றும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு துணியில் படிந்தால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் மழை இல்லாத வாரத்தில்கூட கூரையைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுவது நல்லது. உங்கள் பாயான் லெப்பாஸும் கடலுக்கு ரொம்பத் தூரம் இல்லை.

சரி, கழுவுவதற்கு வருவோம். நிறையப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முதலில் காய்ந்த கூரையில் வேக்யூம் பிடியுங்கள், மென்மையான பிரஷ் முனை போட்டு, தையல் ஓரம், கண்ணாடி ஓரம், கதவுக்கு மேலே வரும் மடிப்பு எல்லாம். காய்ந்த தூசியைத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிவிட்டு அப்புறம் தேய்த்தால் அது நெசவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். புகைமூட்டம் வரும் மாதங்களில் இது இன்னும் முக்கியம். 2015-லும் 2019-லும் பள்ளிக்கூடம் மூடும் அளவுக்குப் புகை வந்ததே, அந்த மாதிரி நேரத்தில் கூரையில் படியும் கரித்தூள் மாவு போல நுணுக்கமானது. முதல் மழைக்கு முன்பே உலர்வாக எடுத்துவிட வேண்டும்.

பறவை எச்சம் இருந்தால் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்து, ஊறிய பிறகு அள்ளி எடுங்கள். மைனாவும் காக்கையும் கூரையில் போடுவதை ஒரு வாரம் விட்டுவைத்தால் கறை நிற்கும், பழம் தின்றுவிட்டுப் போட்டது என்றால் சாயமே இறங்கிவிடும்.

அப்புறம் குழாயில் மெதுவாக வரும் தண்ணீரில் கூரை முழுவதையும் நனையுங்கள். ஒரு பகுதியை மட்டும் நனைத்துக் கழுவினால் காய்ந்த பிறகு எல்லைக்கோடு தெரியும், கறுப்புத் துணியில் அது நன்றாகவே தெரியும். சோப்புக்குச் சாஃப்ட் டாப்புக்கென்றே விற்கும் கிளீனர் கிடைத்தால் அது சிறந்தது. ராக்டாப், 303, ஆட்டோகிளிம், ரெனோவோ என்று பல உண்டு, எல்லாமே உருப்படியானவை. கிடைக்காவிட்டால் குழந்தைகளுக்கான ஷாம்பூவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்துப் பயன்படுத்தலாம். மெழுகு கலந்த கார் ஷாம்பூ வேண்டாம், பெயிண்டுக்கு நல்லதாகத் தெரியும் அந்த மெழுகு துணியில் படிந்து தூசியைப் பிடித்து வைக்கும். துணி துவைக்கும் பவுடரும் பாத்திர சோப்பும் வேண்டாம். பிரஷ் குதிரைமுடியிலோ மென்மையான நைலானிலோ இருக்கட்டும், நெசவு ஓடும் திசையில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் நூல் பிசிறு கிளம்பும், கிளம்பிய பிசிறு திரும்பப் படியாது.

பச்சை படிந்த தையலுக்கு குளோராக்ஸ் பிளீச் ஊற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஊற்றாதீர்கள். கடை வாசல் சன்ஷேடுக்கும் படகுக்கும் போடும் அக்ரிலிக் துணியை நீர்த்த பிளீச்சில் கழுவுவது உண்டு, அக்ரிலிக் நூல் அதைத் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் கார் கூரையில் அந்தத் துணி மட்டும் இல்லை. தையல் நூல் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, அடுக்குகளை ஒட்டிய பசை இருக்கிறது, கீழே வழிந்தால் பெயிண்டும், தண்ணீர் புகாமல் ஓரத்தில் போட்டிருக்கும் ரப்பர் பீடிங்கும் இருக்கிறது. பாசிக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து தையலில் மட்டும் தடவி, கால் மணி நேரம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் எடுத்து, நன்றாக அலசுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் அடுத்த வாரம் திரும்பச் செய்யுங்கள். உள்பக்கத் துணியில் கறுப்புப் புள்ளி வந்திருந்தால் அது பூஞ்சை, அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஈரத் துணியால் ஒற்றியெடுத்து ஃபேன் போட்டுக் காய வைக்க வேண்டும். அது வெளியே இருக்கும் பாசியைவிடப் பிடிவாதமானது.

அலசுவதில்தான் பொறுமை வேண்டும். நுரை நின்ற பிறகும் அலசுங்கள். துணியில் மிச்சம் இருக்கும் சோப்பு தண்ணீரை உள்ளே இழுக்கும் பொருள். சோப்பின் வேலையே அதுதான், தண்ணீர் உருண்டு நிற்க முடியாதபடி அதைப் பரவச் செய்வது. பூச்சு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டுவந்த கூரைகளில் சிலவற்றை வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காய வைத்ததும் தண்ணீர் திரும்ப முத்தாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஸ்ப்ரேயை இந்த வாரம் வாங்க வேண்டாம் என்றேன். முதலில் கழுவி, அலசி, காய வைத்து, அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தேவை என்றால் வாங்கலாம்.

கார் வாஷுக்குக் கொண்டு போகலாமா? போகலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஜெட் தண்ணீரைக் கூரைக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, முக்கியமாகப் பின் கண்ணாடி ஓரத்திலும் தையலிலும் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பிசிறு எழும், கண்ணாடியைத் துணியோடு சேர்த்த பசை நெகிழும். ஸ்னோ வாஷ் நுரை கடைக்குக் கடை மாறும், சிலது காரம் அதிகமானது. 'அண்ணே, கூரையை விட்டுவிடுங்கள், பாடியை மட்டும் கழுவுங்கள்' என்று சொல்லிவிட்டு, கூரையை வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்வதுதான் என் யோசனை. பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷ் வேண்டவே வேண்டாம். கடைசியில் அந்தப் பையன்கள் டயருக்கு அடிக்கும் பளபளப்பை ஒரு கை கூரைக்கும் தடவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வார்கள், ஆனால் அது சிலிக்கான் எண்ணெய், துணியில் ஏறினால் இறக்குவது பெரும்பாடு.

காய வைப்பது. வழக்கமாக இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், நம் ஊரில் இதுதான் முழு நாள் வேலை. கோலாலம்பூரில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மழையை எதிர்பார்க்கலாம். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை, ஜனவரி பிப்ரவரிதான் வறண்ட காலம். அதனால் காலை எட்டு மணிக்குள் கழுவத் தொடங்குங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும்போது கழுவினால் சோப்பு காய்ந்து படியும், நிழலில் கழுவிவிட்டு இளவெயிலுக்கும் காற்றுக்கும் நகர்த்தி வையுங்கள். பெரிய மைக்ரோஃபைபர் துண்டைக் கூரையில் விரித்து உள்ளங்கையால் அழுத்தினால் பாதித் தண்ணீர் போய்விடும், தேய்க்காதீர்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல்துகள் கறுப்புத் துணியில் ஒட்டிக்கொண்டு வராது. தண்ணீர் இழுக்கும் வேக்யூம் இருந்தால் தையல் மேல் ஓட்டுங்கள். கொண்டோ பேஸ்மண்ட்டில் நிழல் இருக்கும், காற்று இருக்காது, அங்கே விட்டால் மழையில் விட்ட மாதிரிதான், ஒரு ஸ்டாண்ட் ஃபேன் வைக்க முடிந்தால் மட்டும் சரி. தரை வீடு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் ஒரு சனி ஞாயிறு அவர் போர்ச்சைக் கேட்டு வாங்குங்கள். காய்ந்ததா என்று பார்க்க நடுத்துணியைத் தொடாதீர்கள், அது முதலில் காய்ந்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் தையலில் அழுத்திப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்னும் நேரம் இருக்கிறது.

தண்ணீர் தெளித்துப் பார்த்தும் துணி குடிக்கிறது என்றால் இப்போது ஸ்ப்ரே. 303 ஃபேப்ரிக் கார்ட், ராக்டாப் ஃபேப்ரிக் புரொடெக்டன்ட், ஜிடெக்னிக் ஐ1, எது எளிதாகக் கிடைக்கிறதோ அது. 303-ல் ஏரோஸ்பேஸ் என்று ஒன்று வரும், பெயரைப் பார்த்து அதை வாங்கிவிடாதீர்கள், அது வினைலுக்கும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும். 1989-ல் வந்த முதல் எம்எக்ஸ்-5 போன்ற வினைல் கூரை வண்டிகளுக்கு அது அருமையான பொருள், துணிக்கு இல்லை. ஹார்ட்வேர் கடையில் கூடாரத்துக்கும் குடைக்கும் விற்கும் மலிவான ஸ்ப்ரேக்களில் நிறைய சிலிக்கான் வகை. முதல் இரண்டு மழைக்குப் பிரமாதமாக இருக்கும், அப்புறம் தூசி ஒட்டும், பிறகு நல்ல பூச்சு போட்டாலும் அதன் மேல் பிடிக்காது. கார் வாஷ் கடையில் சொல்லும் நானோ கோட்டிங் விஷயத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: பாட்டிலில் துணிக்கு என்று எழுதியிருக்கிறதா? பெயிண்டுக்கான செராமிக்கைத் துணியில் போட்டால் துணி விறைத்து, மடியும் இடத்தில் வெள்ளையாக வரி விழும்.

பழைய பூச்சுகளுக்கும் இப்போது வருவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளிவிடும் ஃப்ளோரின் கலவைகள் உடம்பிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குகின்றன என்று தெரிந்தபின் 2000-ல் அமெரிக்காவின் 3எம் கம்பெனி தன் பழைய கலவையை நிறுத்துவதாக அறிவித்தது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பல கம்பெனிகள் மாறி வருகின்றன. ஃப்ளோரின் இல்லாத பூச்சு தண்ணீரை நன்றாகத் தள்ளும், எண்ணெயைத் தள்ளாது. நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், சார் குவே தியாவ் வறுக்கும் கடைக்குப் பக்கத்தில் வாரம் மூன்று ராத்திரி வண்டியை நிறுத்தினால் எண்ணெய்ப் புகை கூரையில் படியும், எண்ணெய் படிந்த இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

அடிக்கும் முறை எளிது, ஆயத்தம்தான் நேரம் பிடிக்கும். கண்ணாடிகளையும் பெயிண்டையும் பிளாஸ்டிக் தாளும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுங்கள், கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் வைப்பர் ஓடும்போதெல்லாம் மங்கும். துணி பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரு வரிசை மேல் பாதி வரிசை ஏறும்படி, துணி லேசாக நனையும் அளவுக்கு அடியுங்கள். ஒரே தடவையில் சொட்டச் சொட்ட அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு தடவை நல்லது. தையலுக்கு மட்டும் மூன்றாவது தடவை, ஏனென்றால் ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டையும் ரப்பர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது, அங்கே தண்ணீருக்கு வழி இருக்கிறது. கரைப்பான் வாடை வரும் ஸ்ப்ரே என்றால் பேஸ்மண்ட்டில் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடியது, மூச்சுக்கும் கெடுதல். அடித்த பிறகு ஒரு முழு நாள் தண்ணீரோ பனியோ படக் கூடாது. நம் சூடு இந்த வேலைக்குச் சாதகம்தான், பூச்சு நன்றாக இறுகும். பாட்டிலில் எத்தனை மாதம் என்று போட்டிருந்தாலும் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து நிற்கவில்லை என்றால் திரும்ப அடியுங்கள். தேதி பார்த்து அடிக்க வேண்டியதில்லை.

நரைத்த மாதிரி இருக்கிறதே, சாயம் அடிக்கலாமா என்றும் கேட்பீர்கள். நல்ல அக்ரிலிக் துணியில் நூலாக இழுப்பதற்கு முன்பே நிறம் கலந்துவிடுகிறார்கள், அது எளிதில் வெளுக்காது. நரையாகத் தெரிவது பெரும்பாலும் படிந்த அழுக்கும் காய்ந்த பாசியும்தான். நன்றாகக் கழுவிய பிறகும் வெளுப்பாக இருந்தால் ரெனோவோ மாதிரி கூரைக்கென்றே இருக்கும் சாயம் போடலாம். ஷூ பாலிஷ் வேண்டாம், மழையில் வழிந்து பெயிண்டில் இறங்கும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் ஈர வாடைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். வடிகால். கூரையின் பின்பக்கம் வழியும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தொட்டி போன்ற பள்ளத்தில் விழுந்து, இரண்டு பக்கமும் இருக்கும் குழாய் வழியாகக் காருக்கு அடியில் போகும். எம்எக்ஸ்-5-ல் அது சீட் பெல்ட் இருக்கும் மூலைகளுக்குப் பக்கத்தில், மாடலுக்கு மாடல் இடமும் வடிகட்டியும் கொஞ்சம் மாறும். தூங்குமூஞ்சி மரத்து இலை ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அந்த ஓட்டைக்கு அளவெடுத்தது போல இருக்கும். அங்சானா மரத்து மஞ்சள் பூவும் அப்படியே, ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும், மழையில் ஊறிக் கூழாகி அடைக்கும். அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கும், கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டுப் பெட்டிக்குள் தேங்கித் துரு பிடிக்கும், மேலே ஒன்றும் தெரியாது, வாடை மட்டும் வரும்.

மற்ற வண்டிகளில் இது இன்னும் விலை பிடிக்கும். 2003-ல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4-ல் கூரையைத் தூக்கும் ஹைட்ராலிக் மோட்டாரே அந்த வடிகால் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அடைத்தால் மோட்டார் முழுகிவிடும், அதனால் அதைப் பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்றி வைப்பது அந்த வண்டிக்காரர்கள் பலரும் செய்கிற வேலை. முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் சீட்டுக்கு அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது, தண்ணீர் தேங்கினால் வண்டி பூட்டும் திறக்காது, ஸ்டார்ட்டும் ஆகாது. வெளிநாட்டுப் பழைய கார் விற்கும் ரீகண்ட் கடையில் இந்த இரண்டையும் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள்.

சோதிப்பது சுலபம். கூரையைப் பாதி திறந்து, மூலையில் ஒரு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பின் சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் வருகிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் கையால் இலையை அள்ளிவிட்டு, புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறு ஒரு துண்டை எடுத்து, நுனியைத் தீயில் காட்டி மழுக்கிவிட்டு, மெதுவாக உள்ளே விடுங்கள். கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும். ஏர் கம்ப்ரஸரும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் டிரிம் எல்லாம் கழற்றித்தான் மாட்ட வேண்டும். உங்களைப் போல மரத்தடியில் நிறுத்துபவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். கார்ப்பெட் ஏற்கெனவே ஊறியிருந்தால் மேலே காய்ந்தது போதாது, அடியில் இருக்கும் பஞ்சு ஒரு வாரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கும், தூக்கி வைத்து ஃபேன் போடுங்கள்.

தார்ப்பாய் விஷயத்தில் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஈரக் கூரையைத் தார்ப்பாயில் மூடி வெயிலில் வைத்தால் அடியில் ஆவி கட்டும், பாசிக்கு அதைவிட வசதி கிடையாது. காற்று புகும் துணி கவர் பரவாயில்லை, ஆனால் காய்ந்த கூரையில் மட்டும், அதுவும் கூரை போட்ட இடத்தில். திறந்தவெளியில் காற்றடிக்கும்போது கவர் படபடவென்று அடித்து, அதில் ஒட்டியிருக்கும் மணல்துகள் துணியை அரம் போட்ட மாதிரி தேய்க்கும். உங்கள் அபார்ட்மெண்டில் ஷெட் போட்ட இடம் வாடகைக்குக் கிடைத்தால், ஸ்ப்ரேக்கும் கவருக்கும் செலவழிக்கும் பணத்தை அதில் போடுங்கள். கிடைக்காவிட்டால் மரத்தடியைவிட வெட்டவெளியே மேல் என்பேன். வெயில் தையல் நூலை மெதுவாகத் தின்னும் என்பது உண்மைதான், ஆனால் மரத்தடி ஈரமும் இலையும் பிசினும் அதைவிடச் சீக்கிரம் தின்னும்.

கூரையை ஈரமாக மடக்கி வைக்காதீர்கள். பாலிக் பூலாவிலிருந்து வரும் வழியில் நனைந்துவிட்டு வீட்டில் வந்து மடக்கி நிறுத்தினால் இரண்டு நாளில் உள்ளே பூஞ்சை வாடை வரும், மடிப்பு நிற்கும். அதே சமயம் மாதக்கணக்கில் திறக்காமலும் விடாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலை வேளையில் திறந்து ஓட்டினால் மடிப்புகளுக்குள் காற்று போகும், பீடிங் ரப்பரும் ஒட்டிக்கொள்ளாது. ரப்பருக்கு வாசலின், டபிள்யூடி-40 போன்ற பெட்ரோலியப் பொருள் வேண்டாம், அது ரப்பரை ஊதவைக்கும். சிலிக்கான் கிரீஸைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாக ரப்பரில் மட்டும் தடவுங்கள், ஸ்ப்ரேயாக அடித்தால் கூரையில் பறக்கும்.

பிளாஸ்டிக் பின் கண்ணாடி உள்ள பழைய வண்டிக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. முதல் எம்எக்ஸ்-5-ல் கூரையை இறக்குவதற்கு முன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைத் தட்டையாகப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மடிந்து வெடிக்கும். துடைக்கும்போது நிறையத் தண்ணீர் விட்டு நேர்கோட்டில் துடையுங்கள், டின்ட் ஒட்டாதீர்கள். உங்களுடையது போலக் கண்ணாடி உள்ளவர்கள் பார்க்க வேண்டியது கண்ணாடியும் துணியும் சேரும் விளிம்பை. பழைய ஆடி டிடி ரோட்ஸ்டர்களில் அது விட்டுக்கொண்டு வருவது சகஜம். சூப்பர் குளூ போட்டால் அது கல்லாகி, பக்கத்தில் துணி கிழியும். விரல் நுழையும் அளவுக்கு விலகுவதற்கு முன்பே குஷன் கடைக்குக் கொண்டு வந்தால் யூரிதேன் பசை போட்டு, அழுத்தம் கொடுத்து, ஒரு நாள் வைத்துச் சரிசெய்ய முடியும்.

தையலுக்கும் அப்படித்தான். பச்சை போன பிறகு தையல் வரிசையில் விரலை வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தால், துணி நன்றாக இருக்கும்போதே அதே ஓட்டைகளில் திரும்பத் தைத்துவிடலாம். புது ஓட்டை போடக் கூடாது, தைப்பவரிடம் இதைச் சொல்லியே கொடுங்கள். சாதாரண நூல் வேண்டாம், வெளியில் போடும் கெட்டியான பாலியஸ்டர் நூல் கேளுங்கள், கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டெனாரா என்கிற பிடிஎஃப்இ (டெஃப்லான் வகை) நூல், வெயில் அதை ஒன்றும் செய்யாது. கூரை முழுவதையும் மாற்றினால் பல ஆயிரம் ரிங்கிட், மறுதையல் அதில் சிறு பங்குதான். கழுவிக் காய வைத்த பிறகு தையலையும் பின் கண்ணாடி ஓரத்தையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், வடிகாலில் தண்ணீர் ஊற்றியபோது இரண்டு பக்கமும் வந்ததா என்றும் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.